மச்சான் கொடுத்த சுவர்

1943ஆம் ஆண்டு. ஒரு பக்கம் ஹிட்லர், ஒரு பக்கம் ஜப்பான் என்று உலகம் பற்றி எரிகிறது. நியூயார்க்கில் பெகி குகன்ஹைம் என்ற பணக்கார அம்மாவுக்கு மட்டும் வேறு கவலை. வீட்டு வாசலில் நுழைந்ததும் தெரிகிற சுவர் மொட்டையாக இருக்கிறதாம்! டைட்டானிக் கப்பலோடு போன அப்பா விட்டுச்சென்ற சொத்து கையில் இருக்கிறது. கூப்பிட்டார் ஒரு ஓவியரை.

வந்தவர் ஜாக்சன் பொல்லொக். அப்போது அந்த அம்மாவின் பெரியப்பா நடத்திய மியூசியத்தில் தச்சு வேலையும் காவல் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தவர். மாதம் 150 டொலர் தருகிறேன், வேலையை விடு, 20 அடி நீளத்துக்கு ஒரு படம் போடு என்றார் அம்மா. படத்தைச் சுவரில் நேராக வரைய வேண்டாம், கன்வஸில் வரையட்டும் என்று யோசனை சொன்னவர் மார்சல் டுஷாம்ப். வீடு மாறும்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம் அல்லவா? கலைப் புரட்சி செய்கிறவர்களுக்கு லொறிக்காரன் புத்தியும் வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால், அந்தக் கன்வஸ் பொல்லொக்கின் வீட்டுக்குள் அடங்கவில்லை. மனிதர் யோசிக்கவே இல்லை; உள்சுவரை இடித்துவிட்டார். வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் இருக்க, இடித்த காரையை அவரும் அவர் துணைவி லீ கிராஸ்னரும் இரவில் வாளி வாளியாகத் தூக்கிப்போய்க் கொட்டினார்கள். ஒரு வீட்டுச் சுவரை அழகுபடுத்த இன்னொரு வீட்டுச் சுவர் உயிரை விட்டது.

இதற்குப் பிறகு புராணம் தொடங்குகிறது. மாதக்கணக்கில் வெற்றுக் கன்வஸை முறைத்துக்கொண்டே இருந்தாராம். ஒரே ராத்திரியில் ஆவேசம் வந்து முழுப் படத்தையும் முடித்தாராம். எழுபது வருடம் உலகம் இதை நம்பியது. பிறகு அந்தப் படம் அமெரிக்காவின் கெட்டி நிறுவனத்துக்குச் சுத்தம் செய்யப் போனது. அங்கே விஞ்ஞானிகள் பெயின்ட் அடுக்குகளைச் சோதித்தார்கள். சில அடுக்குகள் காய்ந்த பிறகுதான் அடுத்தவை விழுந்திருக்கின்றன. காய்வதற்கே பல நாட்கள் ஆகியிருக்கும். ஆவேசம் வந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது தவணை முறையில் வந்திருக்கிறது.

சரி, இதற்கும் எங்கள் ஊர் அரநாயக்கவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் பெரிய பெயர் என்றால் அது உத்துவன்கந்தை சர்தியேல்தான். பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று ஊர் சொல்லும். 1864இல் கண்டியில் தூக்கிலிட்டது வெள்ளைக்காரச் சட்டம். ஓவியருக்கு அவ்வளவு பெயர் இல்லை. ஆனால் அரநாயக்கவில் பஸ் ஏறி மாவனெல்லையில் இறங்கி, கண்டி வீதியில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் போனால் கண்டி, மறு பக்கம் போனால் கொழும்பு. இலங்கையின் நவீன ஓவியம் இந்த வீதியின் இரண்டு நுனியிலும், கொஞ்சம் நடுவிலும் நடந்த கூத்து.

பெகி அம்மா சுவரைப் பற்றிக் கவலைப்பட்ட அதே 1943இல், ஓகஸ்ட் 29ஆம் தேதி, கொழும்பில் கில்ஃபோர்ட் கிரசென்ட் 18ஆம் இலக்க வீட்டில் சிலர் கூடினார்கள். அதற்கு முந்தைய வருடம் உயிர்த்த ஞாயிறன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டிருந்தன. அரிசிக்குப் பங்கீடு. இவர்கள் கூடியது இலங்கை ஓவியத்தை விடுவிக்க. எதிரி யார்? சிலோன் சொசைட்டி ஒஃப் ஆர்ட்ஸ். அங்கே இன்னும் விக்டோரியா மகாராணியின் ரசனைதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. புரட்சிக்காரர்கள் தங்கள் அமைப்புக்கு வைத்த பெயரைக் கேளுங்கள்: 43 குழு. அத்தனை கற்பனைவளம் கொண்ட ஓவியர்கள் கூடி உட்கார்ந்து, காலண்டரைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இன்று ஓ.எல். எழுதிய பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்புக்குக்கூட இதைவிட நல்ல பெயர் இருக்கும்.

ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதை நமக்குத் தெரியும். விடிந்தால் மடம் இருக்காது. இங்கே கூடியவர்களில் ஆண்டி குறைவு. இடம் கறுவாத்தோட்டம், கொழும்பு ஏழு. ஆகவே மடம் எழும்பியது. அடுத்த நவம்பரிலேயே கண்காட்சியும் நடந்தது.

வீட்டுக்காரர் லயனல் வென்ட். இலண்டனில் சட்டம் படித்துப் பாரிஸ்டர் ஆனவர். கூடவே பியானோவும் படித்தார். ஊருக்கு வந்ததும் சட்டத்தை மூட்டை கட்டிவிட்டுப் பியானோவில் உட்கார்ந்துவிட்டார். அது போதாமல் கெமராவையும் எடுத்தார். 1934இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' படத்தில் பின்னணியில் பேசும் குரல் அவருடையதுதான். எங்கள் வீடுகளில் ஒரு பிள்ளை சட்டம் படித்துவிட்டு இப்படி மூன்று தொழில் தாவினால் குலதெய்வத்துக்கு நேர்த்தி வைப்பார்கள். வென்டுக்கு அந்தப் பயம் இல்லை, சோற்றுக்குக் கவலை இல்லாத வீடு.

ஆனால் இருட்டறையில் அந்த மனிதர் செய்த வேலை விளையாட்டில்லை. படம் மருந்துத் தட்டில் ஊறிக்கொண்டிருக்கும்போது, யாருமே செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு: லைட்டைப் போடுவது. வென்ட் போட்டார். ஒரு கணம் போட்டு அணைத்தார். வெளிச்சமும் இருட்டும் இடம் மாறி, உடம்பின் ஓரம் முழுக்க பென்சிலால் இழுத்தது மாதிரி ஒரு கோடு விழுந்தது. மாவனெல்லையில் அந்தக் காலத்து ஸ்டூடியோ ஒன்றில் பையன் ஒருவன் இதைச் செய்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்கள். வென்ட் செய்ததால் அதற்கு சோலரைசேஷன் என்று பெயர், இலண்டனில் கண்காட்சி.

44 வயதில், 1944 டிசம்பரில், வென்ட் இறந்துபோனார். குழு ஆரம்பித்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. அவருடைய நெகட்டிவ்களையும் பிறகு அழித்துவிட்டார்கள். கையால் அச்சிட்ட பிரதிகள்தான் மிச்சம். அவர் வீடு இருந்த இடத்தில் இப்போது லயனல் வென்ட் அரங்கு நிற்கிறது. அங்கே நாடகம் பார்த்து, இடைவேளையில் கட்லட் சாப்பிட்டுத் திரும்புகிறவர்களில் பாதிப்பேர் வென்ட் என்பவர் ஏதோ வெள்ளைக்காரக் கவர்னர் என்று நினைக்கிறார்கள்.

இனி கண்டிப் பக்கம். கதாநாயகன் ஜோர்ஜ் கீற் 1901இல் அங்கே பிறந்தவர், பறங்கியர். டிரினிட்டி கல்லூரி மாணவர். வகுப்பறையைவிட நூலகத்தில்தான் அதிகம் இருந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் மல்வத்தை விகாரை. பையன் அங்கே போய்ப் பழகி, பிக்குகளிடம் பாடம் கேட்டு, பௌத்தத்தில் ஊறிப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார். கிறிஸ்தவப் பள்ளி, ஒல்லாந்தப் பரம்பரை, ஆங்கிலப் படிப்பு. வெளியே வந்தது மகாவம்சம் பேசுகிற பிள்ளை. மிஷனரிமார் கட்டிய பள்ளிக்கூடத்துக்கு இதைவிடப் பெரிய பரிசு யாரும் கொடுக்க முடியாது.

26 வயது வரை தூரிகையைப் பெரிதாகத் தொடவில்லை. வென்ட் தூண்டினார். வின்சர் என்ற ஓவியத் துறைப் பிரதம வித்தியாதரிசியும் தூண்டினார். இந்த வின்சர் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கூடங்களில் சித்திரப் பாடம் நடக்கிறதா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். அதைச் செய்துகொண்டே பாரிஸில் நடக்கும் புதுக்கூத்துகளையெல்லாம் இலங்கைப் பையன்களின் காதில் ஓதிவிட்டார். 1938இல் யாழ்ப்பாணத்தில் எஸ்.ஆர். கனகசபை தொடங்கிய ஓவியக் கழகத்துக்குக்கூட வின்சர் பெயர்தான். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றாலே ஜன்னல் வழியாகக் குதிக்கிற வாத்தியார்கள் உள்ள நாட்டில், ஒரு இன்ஸ்பெக்டர் பெயரில் சங்கம்!

கீற்றை மெச்சிய இன்னொரு ஆள் அப்போது வெள்ளவத்தையில் குடியிருந்தார். சிலி நாட்டுத் தூதரக அதிகாரி, பாப்லோ நெரூடா. பின்னாளில் நோபல் வாங்கிய அதே நெரூடா. 1930இல் கீற்றின் கண்காட்சியைப் பற்றிப் பாராட்டி எழுதினார். கவிஞருக்கு வேலை அதிகம் இல்லை; ஒரு கீரிப்பிள்ளை வளர்த்தார். பெயர் கிரியா. கீரி என்றால் பாம்போடு சண்டை போடும் என்று தெருப் பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்து அதைப் பாம்புக்கு முன்னால் கொண்டுபோய் விட்டார்கள். கிரியா பாம்பை மோந்து பார்த்தது. பிறகு எடுத்தது ஓட்டம், நேரே வீட்டுக்கு. வெள்ளவத்தையில் தன் மானம் போனதை நெரூடாவே எழுதியிருக்கிறார்.

அதே நினைவுக் குறிப்பில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். அதைச் சொல்லும்போது சிரிக்க முடியாது. விடியற்காலையில் கக்கூஸ் வாளி எடுக்க வந்த ஒரு தமிழ்ப் பெண்ணை அவர் பலவந்தப்படுத்தினார். அவள் கண்ணை மூடாமல் சிலை மாதிரிக் கிடந்தாள். தன்னை அவள் வெறுத்தது சரிதான் என்றும் எழுதினார். 1974இல் புத்தகம் வந்தது. மகாகவியின் பெயர் உலகத்துக்குத் தெரியும், அவள் பெயரை அவர் கேட்டு வைத்திருக்கவில்லை. சிலை வைத்தவர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்கட்டும்.

கீற்றிடம் திரும்புவோம். 1939இல் அவருக்கு ஒரு சுவர் கிடைத்தது. ஒன்றல்ல, ஒரு விகாரையின் உள்சுவர் முழுக்க. பொரளை கோதமி விகாரை. புத்தரின் வாழ்க்கையை வரைய வேண்டும். இவ்வளவு பெரிய வேலைக்கு டெண்டர் கேட்டார்களா, நேர்முகப் பரீட்சை வைத்தார்களா? செலவை ஏற்றவர் ஹெரல்ட் பீரிஸ். கீற்றின் தங்கையைக் கட்டியவர். மச்சான் கொடுத்த கொன்ட்ராக்ட்! நம் ஊரில் மச்சானுக்குக் கொடுக்கும் கொன்ட்ராக்டில் முதல் மழைக்கே பாலம் படுத்துவிடும். இது எண்பது வருடம் தாண்டி நிற்கிறது. மச்சான்மார் இனம் முழுக்க வெட்கப்படவேண்டிய ஒரு விதிவிலக்கு.

உள்ளே போய்ப் பாருங்கள். கண்கள் மீன் மாதிரி நீண்டு காதுப்பக்கம் போகின்றன. தடித்த ஒரே கோடு தோளில் ஏறி, இடுப்பில் வளைந்து, அடுத்த ஆளின் கையாக மாறுகிறது. யார் எங்கே முடிகிறார் என்று விரல் வைத்துத் தொடரவேண்டும். சிகிரியாப் பெண்களின் வளைவும் இருக்கிறது, பாரிஸில் பிக்காசோ முகங்களை வெட்டி ஒட்டிய தைரியமும் இருக்கிறது. பழைய விகாரைச் சித்திரங்களில் கதாபாத்திரங்கள் வரிசையில் நிற்பார்கள், கூப்பன் கடையில் நிற்பது போல. கீற்றின் ஆட்கள் வரிசையில் நிற்க மறுத்தவர்கள். மலர்த்தட்டோடு வரும் கிழவிக்கு கியூபிசம் தெரியாது. ஆனால் இது சித்தார்த்தர், இது யசோதரை என்று சரியாகச் சொல்வாள். கொழும்பு ஏழில் ஷெர்ரி குடித்தபடி பேசிப் புரியவைக்க முடியாததை அந்தச் சுவர் செய்துவிட்டது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. மனைவி, பிள்ளை, அரண்மனை எல்லாம் துறந்த சித்தார்த்தரைச் சுவரில் வரைந்த அதே காலகட்டத்தில் நம் ஓவியர் இன்னொரு வேலையும் பார்த்தார். கீத கோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது! அதாவது ஒரு கையில் துறவு, மறு கையில் ராதையும் கண்ணனும் குஞ்சவனத்தில். யார் ஜெயித்தார்கள் என்று அவருடைய மீதி ஓவியங்களைப் பார்த்தால் தெரியும். கண்ணன் அமோக வெற்றி. எதிர்க்கட்சிக்குக் கட்டுப்பணமும் போய்விட்டது. சொந்த வாழ்க்கையிலும் அவர் துறந்தது கண்டி நகரத்து வீட்டைத்தான். போனது காட்டுக்கல்ல, பிலவெல மெனிக்கே என்ற கிராமத்துப் பெண்ணோடு குடித்தனம் நடத்த. வயதான பிறகும் ஒரு திருமணம் உண்டு, இந்தியப் பெண்ணோடு. சித்தார்த்தர் ஒருமுறைதான் வீட்டைவிட்டுப் போனார்.

கீற் மட்டும்தானா குழப்பம்? அதே டிரினிட்டி கல்லூரியில் படித்த டேவிட் பெயின்டர், அந்தப் பள்ளித் தேவாலயச் சுவரில் இயேசுவை வரைந்தார். தாடி இல்லாத இயேசு! சுற்றி நிற்பவர்கள் நம் வெயிலில் கறுத்த ஆட்கள், பின்னால் நம் ஊர் மரங்கள். பெத்லகேமிலிருந்து கண்டிக்கு வரும் வழியில் ஆண்டவர் சவரம் செய்துகொண்டார் போலிருக்கிறது.

எனக்குப் பிடித்தவர் மஞ்சுஸ்ரீ. சின்ன வயதிலேயே பிக்குவானவர். நாடு முழுக்க நடந்து, இடிந்துபோகும் விகாரைகளின் சுவர்ச் சித்திரங்களைக் கோடு கோடாகப் பிரதி எடுத்தார். வருடக்கணக்காக. அந்தச் சுவர்களில் பலவற்றில் இன்று சுண்ணாம்புதான் இருக்கிறது. அவருடைய தாளில் மட்டும் சித்திரம் இருக்கிறது. பிறகு காவியைக் கழற்றிவிட்டு ஓவியராகவே ஆகிவிட்டார். 1979இல் மக்சேசே விருது. ஆக, 43 குழுவில் பிக்குவாக ஆசைப்பட்ட ஓவியர் கீற், ஓவியராகிவிட்ட பிக்கு மஞ்சுஸ்ரீ. இருவரும் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கதிரையை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம்.

கண்டி வீதியின் நடுப்பகுதி என்றேனே, அது பஸ்யால. அங்கே நுகெதொல என்ற வளவில் இருந்தவர் ஜஸ்டின் தெரணியகல. கேகாலை மாவட்டத்துத் தெரணியகலை அந்தக் குடும்பத்தின் பெயருக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே சப்ரகமுவைக்காரர்கள் நாம் கொஞ்சம் உரிமை கொண்டாடலாம். கேம்பிரிட்ஜில் சட்டம். பயப்படாதீர்கள், இவரும் வழக்காடவில்லை. 43 குழுவின் வரலாற்றைப் படித்தால், இலங்கை நீதிமன்றங்கள் எத்தனை மோசமான வக்கீல்களிடமிருந்து தப்பின என்பது விளங்கும்.

கீற் கோடு போட்டால், ஜஸ்டின் பெயின்டைக் குழைத்து அப்பினார். முகங்கள் வீங்கியும் நசுங்கியும் நம்மை வெறிக்கும். 1956இல் வெனிஸ் பியனாலேயில் அவருடைய 'மீன்' படத்துக்கு யுனெஸ்கோ பரிசு. அண்ணன் பவுல் தெரணியகல அந்தக் காலத்தில் தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளர். இரத்தினபுரி மாணிக்கக் குழிகளுக்குள் வேறு எல்லோரும் நீலக்கல் தேடியபோது, இவர் எலும்பு தேடினார். இலங்கையில் ஒரு காலத்தில் நீர்யானையும் காண்டாமிருகமும் இருந்தன என்று நிரூபித்தார். ஒரே வீட்டில் அண்ணன் சேற்றுக்குள்ளிருந்து நீர்யானையை எடுக்கிறார், தம்பி அதே அளவு சேற்றைக் கன்வஸில் அப்புகிறார். அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்!

உருவமே இல்லாத அரூப ஓவியத்துக்குப் போனவர் ஜோர்ஜ் கிளாசன். கொழும்புத் துறைமுகத்தில் வரைபடக்காரர். பகல் முழுக்க அடிமட்டம் வைத்து நேர்கோடு. சம்பளத்துக்காக இத்தனை கோணம் பார்த்த மனிதன் வீட்டுக்கு வந்து உருவத்தையே ஒழித்துக்கட்ட நினைத்ததில் என்ன ஆச்சரியம்? 40களின் கடைசியில் கப்பலேறி, பிறகு இலண்டனில் தங்கிவிட்டார்.

அரூப ஓவியத்தின் தலைநகரான நியூயார்க்கில் அதற்குள் காசு கொட்டியது. பனிப்போர்க் காலத்தில் சி.ஐ.ஏ. ஒரு கலாசார அமைப்புக்கு இரகசியமாகப் பணம் கொடுத்தது. ரஷ்யாவில் டிராக்டர் படம் போடுகிறான், பார், எங்கள் நாட்டில் ஓவியன் இஷ்டத்துக்குத் தெளிக்கிறான் என்று காட்ட இந்தப் படங்கள் உதவின. 1967 வாக்கில் குட்டு உடைந்தது. அந்த அரூப ஓவியர்களில் ஒருவரான மார்க் ரொத்கோவுக்கு 1958இல் ஒரு சாராயக் கம்பெனிக் கட்டடத்தின் ஆடம்பர ரெஸ்டோரண்டுக்குச் சுவர்ப்படம் கேட்டு வந்தார்கள். 35,000 டொலர். அங்கே சாப்பிடுகிற பணக்காரன் ஒவ்வொருவனுக்கும் பசி கெடும்படி வரைகிறேன் என்று ஒத்துக்கொண்டார். வரைந்தும்விட்டார். பிறகு ஒருநாள் மனைவியோடு அங்கே போய்ச் சாப்பிட்டுப் பார்த்தார். விலைப்பட்டியலைப் பார்த்ததும் பசி கெட்டது அவருக்குத்தான். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நியூயார்க் கிடக்கட்டும். சுவருக்கு எங்கள் தோட்டங்களிலும் மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் ஒரு ஆள் வருவார். இரண்டு பெயின்ட் டின், நாலு தூரிகை, ஒரு பீடிக்கட்டு. கோயில் சுவரில் மதுரைவீரனுக்கு மீசை முறுக்கி, குதிரைக்குக் கண் திறந்து, சிங்கத்துக்குத் தன் அக்காவின் சிரிப்பை வைத்துவிட்டுப் போவார். தோட்டத் தலைவர் சம்பளத்தில் பாதி கொடுத்து மீதியைத் திருவிழா முடிந்து தருவதாகச் சொல்வார். இவர் சுவரை ஒருவரும் கெட்டி நிறுவனத்துக்கு அனுப்பிச் சோதிக்கப்போவதில்லை; அடுத்த கும்பாபிஷேகத்துக்கு அதன் மேலேயே அடித்துவிடுவார்கள். ஒரே ராத்திரியில் உண்மையாகவே ஒரு சுவரை முடிக்கிற ஆள் உலகத்தில் இவர் ஒருவர்தான், ஏனென்றால் மறுநாள் காலையில் கொடியேற்றம்.

கீற் 92 வயது வரை வாழ்ந்து 1993இல் மறைந்தார். அதற்குப் பிறகும் சந்தையில் அவருடைய 'புதிய' ஓவியங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன, அவ்வளவு போலி. யாராவது உங்களிடம் வீட்டுச் சுவருக்கு மலிவாக ஒரு அசல் கீற் இருக்கிறது என்று சொன்னால் வாங்காதீர்கள். சந்தேகமில்லாத அசல் வேண்டுமென்றால் பொரளைக்கு பஸ் ஏறுங்கள், இறங்கி கோதமி வீதியைக் கேளுங்கள். செருப்பை வெளியே விட்டு உள்ளே போங்கள். படம் எடுக்க விடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விட்டாலும், புத்தருக்கு முதுகைக் காட்டி செல்பி எடுக்காதீர்கள். இந்த நாட்டில் சிலையோடு விளையாட்டாகப் படம் எடுத்த வெள்ளைக்காரர்களையே நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டித்திருக்கிறார்கள்.